92 மியாடா: பெல் ஹவுசிங் அடியில ஆயில் சொட்டுது. கியர்பாக்ஸை இறக்கியே ஆகணுமா?

ரெண்டு சீட்டு:

எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கிறது 1992 மாடல் மாஸ்டா மியாடா. முதல் தலைமுறை, 1.6 லிட்டர், அஞ்சு கியர், ஹெட்லைட் மேல எழும்புற வண்டி. எனக்கு முன்னாடி யார் வெச்சிருந்தாங்க, என்னென்ன மாத்தினாங்கங்கிறதுக்கு ஒரு ரசீதுகூட இல்லை.

ஓட்டிட்டு வந்து நிறுத்தினா, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துக்கு, அதாவது கிளட்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங்குக்கு நேர் கீழே ஆயில் சொட்டுது. சிக்னல்ல நிக்கும்போது ஆயில் கருகுற வாடையும் வருது. ஒரு ஒர்க்‌ஷாப்ல தூக்கிப் பார்த்துட்டு, "ரியர் மெயின் சீல் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும், அப்படியே கிளட்சையும் மாத்திடலாம்"னு சொன்னாங்க. (கிராங்க்ஷாஃப்டோட பின் முனையில ஆயிலை அடைச்சு நிக்கிற ரப்பர் வளையம்தான் ரியர் மெயின் சீல்.)

எனக்கு இதை வீட்டிலேயே செய்யணும்னு ஆசை. டிராலி ஜாக்கி, ரெண்டு ஸ்டாண்டு, ஒரு சாக்கெட் செட் இருக்கு. ஆயில், பிரேக் பேட், பிளக் எல்லாம் நானே மாத்தியிருக்கேன். லிஃப்ட் கிடையாது. தரையில படுத்துக்கிட்டு கியர்பாக்ஸை இறக்குறது நடக்கிற காரியமா? டைமிங் பெல்ட் (கிராங்கையும் கேம்ஷாஃப்டையும் இணைக்கிறது) எப்ப மாத்தினதுன்னும் தெரியலை. அதையும் சேர்த்துச் செய்யணுமா? காலையில ஸ்டார்ட் பண்ணா கொஞ்ச நேரம் மேல இருந்து டிக் டிக்னு ஒரு சத்தமும் வருது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

பதினாலு ஸ்பேனர்:

தம்பி, கியர்பாக்ஸை விடுங்க. முதல்ல பானட்டைத் திறங்க.

கசியிற ஆயில் கீழேதான் இறங்கும். ஓடுற வண்டியில காத்து அதைப் பின்னாடி தள்ளும். அதனால இந்த இன்ஜின்ல மேல எங்க கசிஞ்சாலும் கடைசியா வந்து தொங்குற இடம் பெல் ஹவுசிங்தான். கீழ இருந்து டார்ச் அடிக்கிறவருக்கு எல்லாமே ரியர் மெயின் சீல் மாதிரியேதான் தெரியும். அவரைக் குறை சொல்லலை. அவர் நின்ன இடத்துல இருந்து அவ்வளவுதான் தெரியும்.

சிலிண்டர் ஹெட்டுக்குப் பின்னாடி, ஃபயர்வாலுக்கு (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகரச் சுவர்) முன்னாடி ஒரு சந்து இருக்கு பாருங்க. இன்ஜின் ஆறினதுக்கு அப்புறம் அதுக்குள்ள கையை விடுங்க. காயில் பேக் பக்கத்துல உருளையா ஒண்ணு கேம்ஷாஃப்ட் முனையில செருகியிருக்கும். அதான் கேம் ஆங்கிள் சென்சார், பிளக் எப்பப் பொறி விடணும்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றது. அதோட கழுத்துல ஒரே ஒரு ஓ-ரிங். முப்பது வருஷம் ஹெட்டோட சூட்டுலயே இருந்து அந்த ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போயிருக்கும். அந்த வழியா வர்ற ஆயில் ஹெட்டோட முதுகுல இறங்கி நேரா பெல் ஹவுசிங் மேல விழும். சென்சாருக்கு அடிப்பக்கம் விரலால தடவிப் பாருங்க, நனைஞ்சு வந்தா பாதி விடை கிடைச்சாச்சு.

பாதிதான். ஏன்னா அதே இடத்துக்கு மேல இருக்கிறது வால்வு கவர். அதோட கேஸ்கட் பின் மூலையில கசிஞ்சாலும் ஆயில் இதே பாதையிலதான் வரும். அதனால எதையும் கழற்றுறதுக்கு முன்னாடி சுத்தம் பண்ணுங்க. இந்த வேலையில முக்கால்வாசி அதுதான், யாருக்கும் அது பிடிக்கிறதில்லை. ஆறின இன்ஜின்ல டிகிரீஸர் அடிச்சு, பிரஷ் போட்டு, ஹெட்டோட பின்பக்கத்துல இருந்து சம்ப் வரைக்கும் துடைச்சுக் காய விடுங்க. அப்புறம் டால்கம் பவுடரை மெல்லிசா தூவி, ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து பாருங்க. ஈரக் கோடு எங்க ஆரம்பிக்குதோ அங்கதான் கசிவு. நனைஞ்சிருக்கிற இடத்துல ஆக உயரமான இடம் எதுன்னு பாருங்க, ஆக அழுக்கான இடத்தை இல்லை.

அடுத்தது பிசிவி வால்வு, இன்ஜினோட அடிப்பாகத்துல (கிராங்க்கேஸ்) சேர்ற அழுத்தத்தை வெளிய விடுறது. வால்வு கவர்ல இன்டேக் பக்கமா ரப்பர் குரோமெட்ல செருகியிருக்கும். பிடுங்கி காதுகிட்ட ஆட்டுங்க. கலகலன்னு சத்தம் வரணும். வரலைன்னா உள்ள பிசின் பிடிச்சு அடைச்சிருக்கு. பிஸ்டனைத் தாண்டி கிராங்க்கேஸுக்குள்ள வர்ற அழுத்தம் வெளிய போக வழியில்லாம எந்த சீல் பலவீனமா இருக்கோ அது வழியா ஆயிலைத் தள்ளும். அதைச் சரி பண்ணாம புது சீல் போட்டா, அடுத்த பலவீனமான சீல் கசிய ஆரம்பிக்கும்.

கியர்பாக்ஸ் விஷயத்துக்கு வர்றேன். தரையில படுத்துச் செய்ய முடியும், செய்றவங்க இருக்காங்க. ஆனா என்னென்ன கழற்றணும்னு தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க. உள்ள கன்ஸோலைக் கழற்றி கியர் லிவரை உருவணும். எக்ஸாஸ்ட்டை இறக்கணும். புரொப்பல்லர் ஷாஃப்ட் வெளிய வரணும். இந்த வண்டியில கியர்பாக்ஸையும் பின்னாடி டிஃபரன்ஷியலையும் நீளமா ஒரு அலுமினிய உத்தரம் இணைக்குது. பிபிஎஃப்னு சொல்வாங்க. அதைக் கழற்றின நிமிஷம் கியர்பாக்ஸோட வால் தொங்கும், திரும்ப மாட்டும்போது உயரத்தை அளந்து வெச்சு இறுக்கணும். பெல் ஹவுசிங்கோட மேல் போல்ட்டுகளை எட்ட ஒரு கை நீளத்துக்கு எக்ஸ்டென்ஷன் வேணும். இவ்வளவும் செஞ்சு முடிச்சதுக்கு அப்புறம் கசிவு மேல இருந்துதான் வந்துச்சுன்னு தெரிஞ்சா எப்படி இருக்கும்?

அந்த ஒர்க்‌ஷாப் சொன்னதுல ஒண்ணு சரி. என்னைக்காவது கியர்பாக்ஸை இறக்கினா கிளட்ச் டிஸ்க், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், ரியர் மெயின் சீல் நாலையும் அன்னைக்கே முடிச்சிடணும்.

டிக் டிக் சத்தம் ஹைட்ராலிக் லேஷ் அட்ஜஸ்டர், ஆயில் அழுத்தத்தால வால்வு இடைவெளியைச் சரி பண்ற குட்டி உருளை. இந்த இன்ஜின்ல அது சகஜம், ஆயில் ஏறினதும் அடங்கிடும். நேரடி சம்பந்தம் இல்லை. ஆனா கசிஞ்சு ஆயில் அளவு குறைஞ்சாலும் அந்தச் சத்தம் கூடும். டிப் ஸ்டிக்கைப் பார்த்தீங்களா? நீங்க எழுதினதுல அதைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லை.

கூரையில்லாதவன்:

அண்ணன் சொன்னதோட ஒரு கேள்வி: சொட்டுறது ஆயில்தான்னு உறுதியா தெரியுமா?

வெள்ளை அட்டை ஒண்ணைக் கீழே போட்டு ராத்திரி முழுக்க விடுங்க. இன்ஜின் ஆயில் பழுப்பாவோ கறுப்பாவோ இருக்கும், விரல்ல வழவழன்னு இருக்கும். கியர் ஆயில்ல கந்தக வாடை அடிக்கும், ஒரு தடவை மோந்தவங்க மறக்க மாட்டாங்க. தண்ணி மாதிரி மெல்லிசா இருந்தா அது கிளட்ச் ஃப்ளூயிட். மியாடாவுல கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது ஃப்ளூயிட் அழுத்தத்தால கிளட்சை விடுவிக்கிறது) பெல் ஹவுசிங்கோட வெளிப்பக்கம்தான் உக்காந்திருக்கு, அது கசிஞ்சாலும் அதே இடத்துலதான் சொட்டும். பானட்டுக்குள்ள கிளட்சுக்கு தனியா ஒரு சின்ன ரிசர்வாயர் உண்டு. அதுல அளவு இறங்கியிருக்கா, ஃப்ளூயிட் கறுத்திருக்கான்னு பாருங்க. பெடல் எங்க பிடிக்குதுன்னும் சொல்லுங்க.

இன்னொண்ணு. ஜாக்கி வைக்கிறதுக்கு முன்னாடி சில்லை (கதவுக்கு அடியில நீளமா ஓடுற தகரப் பகுதி) தட்டிப் பாருங்க. இந்த வண்டியில ஸ்டாண்டு வைக்கிற இடம் முன் சக்கரத்துக்குப் பின்னாடியும் பின் சக்கரத்துக்கு முன்னாடியும் சில்லோட அடி மடிப்புல இருக்கு. சாஃப்ட் டாப்புல விழற மழைத்தண்ணி சீட்டுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் இருக்கிற வடிகால் ஓட்டை வழியா கீழே போகணும். இலையும் தூசியும் அதை அடைச்சா தண்ணி சில்லுக்குள்ள தேங்கி உள்ளிருந்தே துரு பிடிக்கும். வெளிய பெயின்ட் நல்லாத்தான் இருக்கும். அந்த மாதிரி சில்லுல ஸ்டாண்டு வெச்சா உள்ள போயிடும்.

தூக்கும்போது முன்னாடி கிராஸ்மெம்பரோட நடுவுல, பின்னாடி டிஃபரன்ஷியல் அடியில ஜாக்கி வைங்க. ஸ்டாண்டுல இறக்கினதும் கீழே போறதுக்கு முன்னாடி வண்டியைப் பிடிச்சு நல்லா ஆட்டுங்க. விழறதா இருந்தா நீங்க வெளிய இருக்கும்போதே விழட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி தலையை உள்ள விடக்கூடாது, ஒரு நிமிஷ வேலையா இருந்தாலும்.

பெல்ட் பைத்தியம்:

நான் வேற மாதிரி சொல்றேன். சரித்திரம் தெரியாத வண்டின்னா எல்லாத்தையும் ஒரே மூச்சுல மாத்திடுங்க. டைமிங் பெல்ட், ஐட்லர், டென்ஷனர், வாட்டர் பம்ப், ரெண்டு கேம் சீல், முன் கிராங்க் சீல், வால்வு கவர் கேஸ்கட், எல்லா ஹோஸும். பெல்ட்டுக்குக் கெடு ஒரு லட்சம் கிலோமீட்டர் வாக்குல. உங்க பெல்ட் அதைத் தாண்டிடுச்சா இல்லையான்னு உங்களுக்கே தெரியாது.

ஒரு ஆறுதல்: இந்த 1.6 இன்ஜின்ல பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் இடிச்சுக்காது. நடுவழியில நிப்பீங்க, அவ்வளவுதான். சில வண்டிகள் மாதிரி ஹெட்டே போயிடாது.

மாட்டும்போது கேம் ஸ்பிராக்கெட்ல இருக்கிற ஐ (I, இன்டேக்), இ (E, எக்ஸாஸ்ட்) குறிகள் ரெண்டுக்கும் நடுவுல பெல்ட்டுல 19 பல் வரணும். எண்ணிப் பாருங்க, எண்ணினதைத் திரும்ப எண்ணுங்க. டென்ஷனரை இறுக்குறதுக்கு முன்னாடி கிராங்கை கையால ஒரு முழுச் சுத்தும் ஆறுல அஞ்சு பங்கும் (1 5/6) சுத்தணும்னு மேனுவல்ல இருக்கும், அதைத் தாண்டிப் போயிடாதீங்க. சும்மா ஸ்பிரிங்கை நம்பி இறுக்கினா ஓட்டும்போது பெல்ட் சிணுங்கும்.

கிராங்க் போல்ட்டைப் பத்தி ஒரு வார்த்தை. 1990லயும் 91 தொடக்கத்துலயும் வந்த வண்டிகள்ல கிராங்கோட மூக்கு (முன் முனை) சின்னது. அதுல போல்ட் சரியா இறுகலைன்னா சாவிக்காடி தேஞ்சு டைமிங் ஆட ஆரம்பிக்கும். கிராங்க் புல்லியோட நடுவுல முன்னாடி இருந்து பார்த்தா சின்ன மூக்குல நாலு காடி, பெரிய மூக்குல எட்டு. உங்களோடது 92ன்னா எட்டு இருக்கணும். இருந்தாலும் பாருங்க, முப்பது வருஷத்துல இன்ஜினையே மாத்தியிருக்கலாம்.

பதினாலு ஸ்பேனர்:

பெல்ட் பத்திச் சொன்னது எல்லாம் சரி, "எல்லாத்தையும் ஒரே மூச்சுல"ங்கிறது மட்டும் எனக்கு ஒத்துவரலை.

சேர்த்துச் செய்யணும்கிறதுக்கு நான் வெச்சிருக்கிற அளவுகோல் ஒண்ணுதான்: ஒரே பிரிப்புல கைக்கு எட்டுறதை ஒரே நாள்ல மாத்து. வாட்டர் பம்ப்பை ஓட்டுறது ஆல்டர்னேட்டர் பெல்ட்தான், ஆனா அதை வெளிய எடுக்க டைமிங் பெல்ட் குறுக்க நிக்கும். அதனால அது ரெண்டும் ஒரே வேலை. கேம் சீலும் கிராங்க் சீலும் அப்படித்தான். ஆனா பின்னாடி கசியிற ஆயிலுக்கும் முன்னாடி இருக்கிற பெல்ட்டுக்கும் பொதுவா எந்தப் போல்ட்டும் இல்லை. ரெண்டையும் ஒரே வாரக்கடைசியில பிரிச்சுப்போட்டு, கடைசியில வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னு வைங்க. எங்க தேடுவீங்க? பிளக் வயரா, ஒரு பல் தவறின பெல்ட்டா, சென்சார் கனெக்டரா?

வீட்டுல வேலை செய்யிறவனுக்கு லிஃப்ட் இல்லாதது ஒரு குறையே இல்லை. வண்டி பாதியில பிரிஞ்சு கிடக்கிறதுதான் குறை. பாதியில நின்ன வண்டிகள்தான் தார்ப்பாய்க்கு அடியில போயி, அப்புறம் பாகம் பாகமா விலை போகுது. ஒரு வேலையை முடி, ஓட்டு, ஒரு வாரம் பாரு, அடுத்ததைத் தொடு. பெல்ட் காத்திருக்கும், அறுந்தாலும் இன்ஜினை உடைக்காதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க.

கிராங்க் போல்ட்டைக் கழற்ற ஸ்பேனரை மாட்டி ஸ்டார்ட்டரை ஒரு தட்டு தட்டுற வித்தையை யாராவது சொல்லிக் குடுப்பாங்க. கேக்காதீங்க. அஞ்சாவது கியர், இன்னொரு ஆள் பிரேக்கை மிதிக்கணும், நீளமான பார். பெரிய மூக்குக்கு இறுக்கம் 157ல இருந்து 167 நியூட்டன் மீட்டர். டார்க் ரென்ச் இல்லாம அதைத் தொட வேண்டாம்.

ரெண்டு சீட்டு:

எல்லாருக்கும் நன்றி. டிப் ஸ்டிக் பார்த்தேன், கீழ் கோட்டை ஒட்டி இருந்துச்சு. மேல் கோடு வரைக்கும் ஊத்தினதும் காலை டிக் டிக் பாதியாக் குறைஞ்சிடுச்சு.

சுத்தம் பண்ணி, பவுடர் போட்டு ஓட்டிப் பார்த்தேன். வால்வு கவர் விளிம்பு காய்ஞ்சிருக்கு. கேம் ஆங்கிள் சென்சாருக்கு அடியில இருந்துதான் ஈரக் கோடு ஆரம்பிக்குது. பிசிவி வால்வை ஆட்டினேன், சத்தமே இல்லை. புதுசு வாங்கிட்டேன். ஓ-ரிங்கும் வைட்டான்ல (சூடு தாங்குற ரப்பர்) கிடைச்சிருக்கு.

கழற்றுறதுல ரெண்டு சந்தேகம். சென்சாரைத் தப்பாத் திருப்பி மாட்டிட வாய்ப்பு இருக்கா? பிளக் பொறி விடுற நேரத்தை அளக்கிற டைமிங் லைட் கட்டாயம் வேணுமா, குறி போட்டு அதே இடத்துல வெச்சா போதாதா?

அந்த வெள்ளை அட்டையில பெரிய பழுப்பு வட்டத்தோட, தள்ளி சின்னதா தண்ணி மாதிரியும் ஒரு கறை இருக்கு.

பதினாலு ஸ்பேனர்:

பேட்டரி டிக்கியில இருக்கு, நெகட்டிவைக் கழற்றிட்டு ஆரம்பிங்க. சென்சாரோட உடம்புலயும் ஹெட்டுலயும் சேர்த்து ஒரே கோடா கூரான ஊசியால கீறுங்க. மார்க்கர் கோடு ஆயில்ல அழிஞ்சிடும். கனெக்டர் கிளிப் முப்பது வருஷ பிளாஸ்டிக், அழுத்திட்டு இழுங்க, இழுத்துட்டு அழுத்தாதீங்க. பிடிச்சிருக்கிறது ஒரே ஒரு 12 எம்எம் ஸ்பேனர் போல்ட். சந்து குறுகல், குட்டையான ரிங் ஸ்பேனர் இருந்தா நல்லது. போல்ட் வந்ததும் சென்சார் உடனே வராது, இடமும் வலமும் திருகித் திருகி உருவணும். ஸ்குரூ டிரைவர் குடுத்து நெம்பாதீங்க, ஹெட் அலுமினியம்.

பழைய ஓ-ரிங்கை வெளிய எடுத்ததும் கிள்ளிப் பாருங்க, வளையாது. காடியைத் துடைச்சு, புதுசுல இன்ஜின் ஆயில் தடவி மாட்டுங்க. தலைகீழா மாட்ட முடியாது, கேம் முனையில கோக்கிற நாக்கு நடுவுல இல்லாம கொஞ்சம் தள்ளி இருக்கு, ஒரே ஒரு நிலையிலதான் உக்காரும். உக்காரலைன்னா அரைச் சுத்து திருப்பிப் பாருங்க, தட்டாதீங்க.

குறியில வெச்சா வண்டி ஓடும். ஆனா உங்களுக்கு முன்னாடி கை வெச்சவர் சரியா வெச்சிருந்தார்ங்கிறதுக்கு அந்தக் குறி சாட்சி இல்லை. லைட்டை ஒரு நாளைக்கு யாருகிட்டயாவது கேட்டு வாங்குங்க. இன்ஜின் சூடாகணும், ஃபேன், லைட், ஏசி எல்லாம் ஆஃப். பானட்டுக்குள்ள டயக்னாசிஸ்னு மூடியில எழுதின சின்னப் பெட்டியில டிஇஎன் (TEN), ஜிஎன்டி (GND)னு எழுதின ரெண்டு துளையையும் ஒரு வயர்த்துண்டால இணைங்க. இதைச் செய்யாம பார்த்தா கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு டைமிங்கை நகர்த்திக்கிட்டே இருக்கும், நீங்க பார்க்கிற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஐட்லிங் 850 ஆர்பிஎம் பக்கம் இருக்கட்டும். முதல் சிலிண்டர் வயர்ல லைட்டை மாட்டி, கிராங்க் புல்லி குறி கவர்ல 10 டிகிரிங்கிற கோட்டுக்கு நேரா வர்ற வரைக்கும் சென்சாரை மயிரிழை மயிரிழையாத் திருப்புங்க. டயல் வெச்ச லைட்டா இருந்தா டயலைப் பூஜ்யத்துல விடுங்க. இந்த வண்டியில ஒவ்வொரு சுத்துக்கும் பிளக் பொறி விடும், டயல் லைட்டுகள் அதுல குழம்பும். முடிச்சதும் அந்த வயர்த்துண்டை எடுத்துடுங்க.

அந்தத் தண்ணிக் கறையைப் பத்தி கூரையில்லாதவன்தான் சொல்லணும், அவர்தான் முதல்ல கேட்டது.

கூரையில்லாதவன்:

ஸ்லேவ் சிலிண்டர்தான்னு நினைக்கிறேன். தண்ணி மாதிரி இருக்கிற கறையைத் துணியில ஒத்தி எடுங்க. அதை வண்டியோட பெயின்ட்ல மட்டும் பட விடாதீங்க, தின்னுடும். சிலிண்டர் முனையில இருக்கிற ரப்பர் பூட்டை விரலால பின்னுக்குத் தள்ளுங்க. உள்ள ஈரமா இருந்தா சீல் போயிடுச்சு.

ரெண்டு 12 போல்ட்டும் ஒரு பைப்பும்தான். பைப் நட்டுக்கு சாதாரண ஓப்பன் ஸ்பேனர் போடாதீங்க, முனை உருண்டுடும். ஃப்ளேர் ஸ்பேனர் வேணும். ரிப்பேர் கிட்டும் கிடைக்கும், ஆனா உள் சுவர்ல குழி விழுந்திருந்தா கிட் போட்டு பிரயோஜனம் இல்லை. முழுசா மாத்துறதே நல்லது. ஸ்லேவ் போச்சுன்னா பெடல் தள்ளுற மாஸ்டர் சிலிண்டரையும் பாருங்க, ரெண்டுக்கும் ஒரே வயசு. பெடலுக்கு மேல ஃபயர்வால்ல ஈரம் இருக்கா, கார்ப்பெட் நனைஞ்சிருக்கான்னு.

டாட் 3 இல்லன்னா டாட் 4 ஊத்துங்க. டாட் 5 சிலிகான், அது இதோட சேராது. காத்து எடுக்கும்போது ஒரு ஆள் பெடலை மிதிச்சுப் பிடிக்கணும், நீங்க ப்ளீடர் (ஸ்லேவ்ல காத்தை வெளிய விடுற திருகு) திறந்து மூடினதுக்கு அப்புறம்தான் அவர் காலை எடுக்கணும். ரிசர்வாயர் ரொம்பச் சின்னது, நாலஞ்சு மிதிக்குள்ள காலியாகி திரும்பக் காத்து இழுத்துடும். பாட்டிலைக் கையிலயே வெச்சுக்குங்க.

ரெண்டு சீட்டு:

பூட்டைத் தள்ளினேன், உள்ளே கறுப்புத் தண்ணி நின்னுச்சு. கார்ப்பெட் காய்ஞ்சிருக்கு. ஓ-ரிங் மாத்தியாச்சு, பழசு கையிலயே ரெண்டா ஒடிஞ்சது. லைட் வெச்சுப் பார்த்தா டைமிங் 10க்குப் பதிலா 6ல இருந்துச்சு, அதாவது எனக்கு முன்னாடியே யாரோ மாத்தி வெச்சிருக்காங்க. சரி பண்ணினதும் கீழ் ஆர்பிஎம்ல வண்டி நல்லா இழுக்குது.

ஸ்லேவை அடுத்த வாரம் மாத்துறேன். கியர்பாக்ஸ் இருக்கிற இடத்துலயே இருக்கு.

பதினாலு ஸ்பேனர்:

அடுத்த வாரம் ஸ்லேவுக்குக் கீழே படுக்கும்போது, ஹெட்டோட முதுகையும் ஒரு தடவை துடைச்சுப் பாருங்க. வைட்டான் ஓ-ரிங்லயும் தடிமன் தப்பாக் கிடைக்கிறது உண்டு. காய்ஞ்சிருந்தா பெல்ட் வேலைக்குத் தனியா ஒரு கேள்வி போடுங்க. அப்படியே ரேடியேட்டரோட மேல் டேங்க் என்ன நிறத்துல இருக்குன்னும் எழுதுங்க. கறுப்பு போய் பழுப்போ பச்சையோ ஏறியிருந்தா அந்த பிளாஸ்டிக் வெடிக்கத் தயாரா இருக்கு. பெல்ட் வேலைக்கு ரேடியேட்டரைக் கழற்றினா கை போக நல்ல இடம் வரும்.